அனுப்பாத ஒலி

அத்தியாயம் 14

போன வாரம் கல்லூரியின் இரண்டாம் மாடியில், வகுப்பறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே துறைத் தலைவரை நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், மனிதர் ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாரோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அவர் அன்றைக்கே தம் அறைக்குத் திரும்பிப்போய் ஒரு கடிதம் அடித்துவிட்டார்.

கண்ணாடி வழியாக அவர் பார்த்தது இவ்வளவுதான். உள்ளே பதினொரு மாணவர்கள், பதினொரு பேரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே மின்னிசை வகுப்பெடுக்கும் நம் கரப்பான், மேசைமேல் இருந்த கருவியின் நாப் ஒன்றைத் திருகியபடி, "எவ்வளவு சுத்தமா வருது பாருங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் மரியாதையான கடிதம்தான். ஆசிரியர்களின் உடல்நலத்தில் கல்லூரிக்கு உள்ள அக்கறை, அது இது என்று நாலு வரி. கடைசி வரியில் விஷயம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் செவித்திறன் சான்றிதழ் வேண்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கரப்பான் என்பது திட்டு இல்லை, பட்டம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கிடங்கின் அடித்தளத்தில் அவளுடைய முதல் கச்சேரி நடந்தது. பாட்டு கிடையாது, பாட்டுக்காரர் கிடையாது. வயர்களும் நாப்களும் அவளும்தான். நடுவில் கரப்பான்பூச்சி ஒன்று கருவிமேல் ஏறி ஊர்வலம் போனது. வலது கை நாபை விடாமல் இடது கையால் அதைத் தட்டிவிட்டு வாசித்துக்கொண்டே போனாள். அன்றைக்குக் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். 'நானும் அங்கே இருந்தேன்' என்று இன்றைக்குச் சொல்பவர்கள் தொள்ளாயிரம் பேராவது இருப்பார்கள்.

அதற்குப் பிறகும் அவள் பெரிதாக மேலே வரவில்லை. வர ஆசையும் இல்லை. கிடங்கு, கார் நிறுத்துமிடம், மூடிய நீச்சல்குளம் என்று இருட்டு இருட்டாகப் பார்த்து வாசித்தாள். நாற்பது கேசட் போடுவாள், நாற்பதும் தீர்ந்ததும் அடுத்த வேலை. வானொலி கிடையாது, அட்டையில் படம் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் இந்தத் தொழிற்கல்லூரியில் கூப்பிட்டார்கள். வேண்டாவெறுப்பாகப் போனவளுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. அடித்தளங்களில் அவளுக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. கேட்பவர்களின் முகம் வெளிச்சத்தில் தெரிந்தது.

இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு அணையப் போவதில்லை. ஆனால் அந்த முகங்கள் போய்விடும். அவளுக்கு அதுதான் பயம். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

காலை எட்டு மணி. சமையலறையில் குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடாமல் 'கீங் கீங்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று கரப்பான் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து, முழங்கையால் கதவைத் தள்ளி மூடினார். அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதி லிப்ட்டுகளின் முனகல் அவருக்குத் தெரியும். எந்தச் சத்தம் எண்ணெய்க்கு, எந்தச் சத்தம் ஆபத்துக்கு என்று படியில் நின்றே சொல்லிவிடுவார். பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் இரண்டு வருஷமாகக் கண்டும் காணாமல் கதவை மூடிக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு. உங்க பொண்ணுகிட்டதான்."

"அவகிட்டயா? சொந்தக்காரங்களுக்கு அவங்க பாக்கக் கூடாதுன்னு ஏதோ சொல்வாளே?"

"வேற எவன்கிட்டயும் போய் நான் காதைக் காட்ட மாட்டேன். அவளே பாக்கட்டும். அரை மணி நேர வேலை."

கணவர் காபியை எடுத்தார். குடிக்கவில்லை.

"ஏம்மா, ஒருவேளை..."

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. முப்பது வருஷமா இந்தக் காதை வெச்சுத்தான் பொழைக்கறேன். எனக்குத் தெரியாதா?"

லிப்ட்காரர் காபியைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த வாக்குவாதம் ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டுக்கு லிப்ட் உள்ள கட்டடமா இல்லாத கட்டடமா என்பதைப் பற்றியது.

"நான் கொண்டு விடட்டுமா?"

"உங்களுக்கு லிப்ட்டுல யாராவது மாட்டிட்டு நிப்பாங்க. போய் அவங்களை இறக்கிவிடுங்க."

*

மகளுக்கு இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரியின் செவிப் பிரிவில் காது சோதிக்கிறாள். 'அம்மா காதைக் கெடுப்பா, பொண்ணு சரி பண்ணுவா, நல்ல குடும்பத் தொழில்' என்பது அப்பாவின் பழைய கிண்டல். இன்று காலை அவளுக்கு அது சிரிப்பாக இல்லை.

சோதனை அறை என்பது ஓர் இரும்புப் பெட்டி. உள்சுவரெல்லாம் பஞ்சு. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், வயரோடு ஒரு பொத்தான். நடுவில் தடித்த கண்ணாடி. வெளியே மேசையில் மகள், எதிரே அவளுடைய மெஷின்.

"ஒலி கேட்டா அமுக்கணும். லேசாக் கேட்டாலும் அமுக்கு. கேக்கலேன்னா சும்மா இரு."

"எனக்கே பாடமா?"

"எல்லாருக்கும் சொல்றதைத்தான் சொல்றேன்."

கரப்பான் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். அவளுக்கு இந்த ஒலிகள் புதுசா என்ன? நொடிக்கு ஆயிரம் அதிர்வு, இரண்டாயிரம், நாலாயிரம் என்று ஏறி, பிறகு கீழே இறங்கும். கலப்பில்லாத ஒற்றை ஒலி. மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் கேட்பதை வைத்து அவள் நாற்பது நாற்பதாகக் கேசட் விற்றவள்.

மகள் ஒலிகளை அனுப்பத் தொடங்கினாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி விட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் ஊகித்துவிடுவார். மகள் மாற்றி மாற்றித்தான் விட்டாள். மெஷினில் இருந்த பொத்தான் விளக்கு ஒவ்வொரு தடவையும் எரிந்தது. ஒலியைக் குறைத்தாள், எரிந்தது. இன்னும் குறைத்தாள், எரிந்தது.

பத்து நிமிஷத்தில் இரண்டு காதுக்கும் படம் வந்துவிட்டது. வலது காதுக்குச் சிவப்புக் கோடு, இடதுக்கு நீலம். இரண்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடின.

மகளுக்கு முதலில் சந்தோஷம். அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். அப்புறம்தான் படித்த படிப்பு வந்து நின்றது. ஐம்பத்தொரு வயதுக்கு இது நடக்காது. இருபது வயதில் வருகிற படம் இது. அதுவும் ஒலிபெருக்கிக்கு முன்னால் முப்பது வருஷம் நின்றவளுக்கு.

தலையை நிமிர்த்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மாவின் கண் இன்னும் மூடித்தான் இருந்தது. வலது கால் மட்டும் தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு, மூன்று தட்டு, மறுபடி இரண்டு.

மகளுக்கு அந்தத் தட்டு தெரியும். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் கிளம்பும்வரை, திரும்பி வந்து பாடம் படித்து முடிக்கும்வரை, இதே இரண்டு மூன்று இரண்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் கருவி நிற்காது. இடைவெளியை மாற்றி மாற்றி விடுவதாக நினைத்துக்கொண்டு மகள் இத்தனை நேரம் அந்தத் தாளத்தில்தான் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்க்காமலே அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு யார் கை என்றாலும் இது நடந்திருக்காது. வேறு யார் காது என்றாலும் நடந்திருக்காது.

"நாலாயிரம் மட்டும் இன்னொரு தடவை" என்று மைக்கில் சொல்லி, மகள் மெஷினை நாலாயிரத்தில் வைத்தாள். விரலை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்றும் அனுப்பவில்லை. மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு.

விளக்கு எரிந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று.

எரிந்தது.

ஒன்று, இரண்டு.

எரிந்தது. உள்ளே அம்மா புன்னகைத்தாள். நல்ல ஒலியைக் கேட்கும்போது அவள் முகத்தில் வரும் புன்னகை அது.

மகள் எழுந்து இரும்புக் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுதா? எப்படி?" என்றாள் கரப்பான்.

"அம்மா, கடைசியா மூணு ஒலி கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுதே. நாலாயிரம்தானே?"

"நான் ஒண்ணும் அனுப்பல."

கரப்பான் ஹெட்போனைக் கழற்றவில்லை. மகள் சொன்னது புரியாததுபோல அப்படியே பார்த்தாள். அவள் ஏமாற்றவில்லை, அதை நாம் நம்பலாம். அவளுக்கு அது நிஜமாகவே கேட்டிருந்தது. அதுதான் பயங்கரம் என்பது அவளுக்கும் இரண்டு நொடியில் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு தடவை பாக்கலாம்" என்றாள் மகள். "இந்தத் தடவை எண்ணாத."

இந்தத் தடவை மகள் தன் கையை நம்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கண்டபடி நேரம் விட்டு அனுப்பினாள். ஆயிரத்தில் விளக்கு எரிந்தது. இரண்டாயிரத்தில் எரிந்தது. மூவாயிரத்தில் யோசித்து எரிந்தது. அதற்குமேல் மகள் ஒலியைக் கூட்டினாள், கூட்டினாள், கூட்டிக்கொண்டே போனாள். விளக்கு அணைந்தே கிடந்தது. புதுத் தாளில் சிவப்பும் நீலமும் பாதி தூரம் வந்து, படிக்கட்டில் உருண்டதுபோலக் கீழே போயின.

*

"முதல் தாளைக் குடு" என்றாள் கரப்பான். மகளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அது பொய்ம்மா."

"மெஷின் வரைஞ்சதுதானே? அமுக்கினது நான்தானே? நாலு மணிக்கு அந்தாளு கையில ஒரு தாள் வேணும். எந்தத் தாளா இருந்தா அவனுக்கென்ன?"

"அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும்."

"போடு. உன்னை நான் பெத்தேன்ல?"

"பெத்ததுக்காக எதை வேணா கேளு, செய்யறேன். இது வேண்டாம். எனக்கும் ஒரு வேலை இருக்கு."

நல்ல அடி. மகள் இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டாள். அதைக் கவரில் போட்டு அம்மா பக்கம் நகர்த்தினாள்.

பிறகு ஏதோ நினைவு வந்து நிமிர்ந்தாள்.

"அப்ப போன வருஷக் கேசட்டு? அந்த விசிலை எப்படி வெச்ச?"

"எந்த விசில்?"

மகள் பேனாவை மூடினாள்.

"எந்த விசிலுடி?"

போன வருஷக் கேசட்தான் கரப்பானின் வாழ்க்கையிலேயே அதிகம் பேசப்பட்டது. நாற்பது பிரதி போய் நானூறு பிரதி ஆயிற்று. சின்னப் பத்திரிகை ஒன்று, 'மண்டையைத் துளைக்கும் ஈவிரக்கமற்ற ஊசி' என்று இரண்டு பக்கம் எழுதியது. எழுதுகிறவர்கள் அப்படித்தான் எதையாவது அளந்துவிடுவார்கள் என்று கரப்பான் விட்டுவிட்டாள். இப்போதைய பதினொரு மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் அவளைத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

"முதல் நிமிஷத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு விசில் இருக்கும்மா" என்றாள் மகள். "ஏழாயிரம் பக்கத்துல. என்னால ஒரு நிமிஷத்துக்குமேல கேக்க முடியல. உன்கிட்ட சொன்னா திட்டுவியோன்னு சொல்லல. நீ வேணும்னே வெச்சதுன்னுதான் எல்லாரும்..."

"போடு."

"உனக்குக் கேக்காது."

"கேக்கற மாதிரி இறக்கிப் போடு. உன் கம்ப்யூட்டர்ல முடியும்ல?"

முடியும். மகள் தன் கம்ப்யூட்டரில் இருந்த அந்த இசையிலிருந்து மேல்பகுதியை மட்டும் பிரித்தெடுத்தாள். அதை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினாள். ஐந்து நிமிஷ வேலை.

ஒலிபெருக்கியிலிருந்து அது வந்தது. பழைய கதவு ஒன்றை யாரோ ஒரு மணி நேரம் திறந்துகொண்டே இருப்பதுபோல ஒரு கிறீச். கரப்பான் தலையைச் சாய்த்து, மாணவர்களின் பயிற்சியைக் கேட்பதுபோலக் கேட்டாள். தனக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ஒலியை அவள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை நீட்டித் தானே நிறுத்தினாள்.

"ஸ்ருதி சேரல" என்றாள்.

மகளுக்கு அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. கரப்பானுக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. நானூறு வீட்டில் இது ஓடிக்கொண்டிருக்கிறது என்ற வெட்கம். அவள் கவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுக் கிளம்பினாள்.

*

வகுப்பு இரண்டு மணி முதல் நாலு மணி வரை. முக்கால் வகுப்பு எப்போதும்போலப் போயிற்று. மூன்றரைக்குமேல் கரப்பான் பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். பின்னால் கருவி லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

"போன வாரம் எல்லாரும் காதைப் பொத்தினீங்களே, ஏன்?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் வரிசையில் காலை வேளையில் மருந்துக்கடையில் நிற்கும் பெண். அவளுக்குப் பக்கத்தில் டாக்சிக்காரர், வகுப்பில் வயதில் மூத்தவர். அவர்தான் வாயைத் திறந்தார்.

"பல்லெல்லாம் கூசிச்சு மேடம்."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் மேடம்" என்றாள் மருந்துக்கடைப் பெண். "தாங்கப் பழகணும்னுதான் சொல்லாம சொல்றீங்கன்னு... நான் வீட்டுல கூட ப்ராக்டிஸ் பண்ணேன்."

கரப்பானுக்குச் சிரிப்பு வந்தது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி நடக்காது. ஸ்வரம் தப்பினால் பாட்டுக்காரரின் மூக்கு அன்றைக்கே உடைந்துவிடும். உப்பு கூடினால் சமையல்காரருக்கு அடுத்த கவளத்தில் தெரிந்துவிடும். அவள் செய்த தப்பை மட்டும் இரண்டு வருஷமாக எல்லோரும் மரியாதையாகச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான் வேணும்னு பண்ணல" என்றாள். "மூவாயிரத்துக்கு மேல எனக்குக் காது கேக்கல. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. இந்த வகுப்பு எனக்கு இருக்குமா இருக்காதான்னு தெரியாது. இருக்கற வரைக்கும் ஒரு விதி வெச்சுக்கலாம். வலிச்சா கையைத் தூக்குங்க. மரியாதையெல்லாம் வேண்டாம்."

பதினொரு கைகள் உயர்ந்தன.

"புரிஞ்சுதுன்னு கை தூக்கச் சொல்லல. வலிக்கும்போது தூக்குங்க."

கைகள் இறங்கவில்லை. டாக்சிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் மேடம். நீங்க மெஷினைப் போட்டதுலேருந்து."

கரப்பான் கருவியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்த உறுமல் மட்டும்தான் கேட்டது. மேல் வரிசையில் ஆறு நாப், கீழ் வரிசையில் ஆறு. எந்த நாப் எதைச் செய்யும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். எது இப்போது இவர்களைக் குத்துகிறது என்றுதான் தெரியவில்லை.

"சரி. ஒண்ணொண்ணாத் திருப்பறேன். சத்தம் நின்னவங்க கையைக் கீழ போடுங்க."

அவள் கருவியைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டு திருப்பினாள். முதல் நாபில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைத் தொட்டதும் டாக்சிக்காரரின் கை இறங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், பின் வரிசையில் மூன்று கைகள். இன்னும் கொஞ்சம், ஐந்து. மருந்துக்கடைப் பெண்ணும் பக்கத்தில் ஒருவனும் மட்டும் மிச்சம். மயிரிழை திருப்பினாள். அவன் கை இறங்கியது.

"எனக்கு இன்னும் இருக்கு மேடம்."

"பொறு."

இன்னொரு மயிரிழை. மருந்துக்கடைப் பெண் மூச்சு விட்டுக் கையைக் கீழே போட்டாள். கரப்பானுக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. ஆனால் பதினொரு முகமும் தெளிந்திருந்தது, அதை அவள் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஓர் ஒலியைச் சரியாக முடித்திருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு கண்ணில் பட்டது. வெளியே துறைத் தலைவர் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. கவருக்காக அவர் உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தார், அந்தக் கை மட்டும் இறங்கவில்லை.